பதற்றத்துக்கும் மனக்காயத்துக்கும் இணையவழிச் சிகிச்சை: தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து முடிப்பதுவரை

பழைய மனக்காயத்துக்கு இணையவழியில் உதவி தேடுபவர்கள் பலர், முதல் அமர்விலேயே நடந்த அத்தனையையும் கொட்டிவிடுகிறார்கள். பேசி முடித்ததும் பாரம் இறங்கியதுபோல இருக்கும். இரவு தூக்கம் வராது, மறுநாள் உடம்பெல்லாம் பதறும். அடுத்த அமர்வை ரத்து செய்துவிட்டு, "தெரபி எனக்கு ஒத்துவரல" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கே பெரும்பாலும் பிசகியது வரிசைதான். மனக்காயத்திலிருந்து மீள்வதை அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மூன்று கட்டங்களாக வகுத்தார்: முதலில் பாதுகாப்பும் நிதானமும், பிறகு நினைவுகளை எடுத்துப் பார்ப்பது, அதன்பின் மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி இணைவது. நேரில் போகும்போது முதல் கட்டத்துக்கான அறை, கதவு, தண்ணீர், அழுது முடித்தபின் கொஞ்ச நேரம் உட்கார ஒரு இடம் எல்லாம் கிளினிக்கிலேயே இருக்கும். வீட்டிலிருந்து பேசும்போது அத்தனையையும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கீழே உள்ள படிகள் தமிழ்நாட்டிலிருந்து சிகிச்சை தேடும் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

படி 1: இணையவழி உங்களுக்குப் பொருந்துமா?

ஓயாத கவலை, பேனிக் அட்டாக், நாலு பேர் முன்னால் பேசப் பயம், விபத்துக்குப்பின் வண்டி ஓட்ட முடியாமை போன்றவற்றுக்கு வீடியோ வழிச் சிகிச்சை தாராளமாகப் பொருந்தும். முறையான சிகிச்சையை வீடியோவில் கொடுத்தால், நேரில் கொடுப்பதற்கு ஏறக்குறைய நிகரான பலன் கிடைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனக்காயச் சிகிச்சைகளுக்கும் இது பொருந்தும்.

சில நிலைமைகளில் நேரில் போவதே முதல் வழி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் திட்டமாகவே உருவாகியிருந்தால், யாரும் இல்லாதபோதும் குரல்கள் கேட்டால், அடிக்கடி மணிக்கணக்கில் என்ன செய்தோம் என்றே நினைவில்லாமல் போனால், தினமும் குடிக்காமல் இருக்க முடியவில்லை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ செல்லுங்கள். உங்களைத் துன்புறுத்துபவர் அதே வீட்டில் இருந்து, நீங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கக்கூடும் என்றாலும் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு ஆபத்துதான். அப்போது முதல் வேலை பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181.

இந்த எண்களை இப்போதே போனில் சேமியுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. அவசர உதவிக்கு 112. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926.

உடம்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், நாளுக்கு ஐந்தாறு காபி குடித்தாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின் இரண்டையும் சோதிப்பது நல்லது. நெஞ்சுவலி புதிதாக வந்திருந்தால், "டென்ஷன்தான்" என்று ஒதுக்காமல் முதலில் இசிஜி எடுங்கள்.

படி 2: யாரிடம் போவது?

கவுன்சலர், தெரபிஸ்ட், லைஃப் கோச் என்ற பெயர்ப் பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள முடிகிறது. அதனால் பட்டத்தையும் பதிவையும் கேட்டே ஆக வேண்டும். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்சிஐயின் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்குச் சிஆர்ஆர் எண் என்று பெயர். வழக்கமாக அவர் இரண்டு வருட எம்ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி படித்திருப்பார். எண்ணை வாங்கி ஆர்சிஐ இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம் படித்த மருத்துவர், மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவர். இவர்களில் மாத்திரை எழுத அவரால்தான் முடியும். எம்எஸ்சி சைக்காலஜி படித்த நல்ல கவுன்சலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதற்றத்துக்கு அவர்களிடம் போகலாம். மனக்காயம் என்றால், அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறாரா, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்பதைக் கேளுங்கள்.

இரண்டு மூன்று பேரிடம் 15 நிமிட அறிமுக அழைப்பு கேட்டுப் பாருங்கள். பலர் இலவசமாகவே ஒப்புக்கொள்வார்கள். அதில் நீங்கள் கேட்க வேண்டியவை: மனக்காயத்துக்கு எந்த முறையைப் பயன்படுத்துவீர்கள்? அதை வீடியோவில் செய்து பழக்கம் உண்டா? பேசும்போது நான் உறைந்துபோனால் என்ன செய்வீர்கள்? இரண்டு அமர்வுக்கு நடுவில் நிலைமை மோசமானால் நான் யாரை அழைப்பது? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? குறிப்புகளை எங்கே வைத்திருப்பீர்கள்? உறைந்துபோவதைப் பற்றிய கேள்விக்கு அவர் தரும் பதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் காட்டிக்கொடுக்கும். பழக்கமுள்ளவர் உடனே, தெளிவாக, படிப்படியாகச் சொல்வார்.

விலகிவிட வேண்டிய அறிகுறிகளும் உண்டு. "மூணே செஷன்ல சரியாயிடும்" என்று உறுதி கொடுப்பவர், முதல் அழைப்பிலேயே நடந்ததை விவரமாகச் சொல்லச் சொல்பவர், மறந்துபோன நினைவுகளை ஹிப்னாடிசத்தில் வெளியே கொண்டுவருவதாகச் சொல்பவர், "என்ன இருந்தாலும் குடும்பம், மன்னிச்சிடுங்க" என்று தீர்ப்பு சொல்பவர். இந்தக் கடைசி வகை நம்மூரில் அதிகம். அது சிகிச்சை ஆகாது. மன்னிப்பதும் மன்னிக்காததும் காயப்பட்டவரின் முடிவு, சிகிச்சைக்கு அது நிபந்தனையே கிடையாது.

மொழியையும் யோசியுங்கள். வேலை, படிப்பு பற்றி ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவரும், பத்து வயதில் நடந்ததைப் பற்றிப் பேசும்போது அந்த வயதில் பேசிய தமிழுக்குத்தான் போவார். சிலருக்கு நேர்மாறு: தமிழில் சொல்ல நா எழாதது ஆங்கிலத்தில் வரும். இரண்டும் தெரிந்தவராக இருந்தால் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்.

கட்டணம் 1,000 ரூபாய்க்குக் கீழும் உண்டு, 3,000க்கு மேலும் உண்டு. ஒரு அமர்வின் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, அந்த மொத்தம் உங்களால் முடியுமா என்று பாருங்கள். நான்கு அமர்வோடு பணம் தீர்ந்து, பாதியில் நிறுத்துவது மனக்காயச் சிகிச்சையில் நல்லதல்ல. வருமானத்துக்கேற்பக் குறைத்து வாங்குவீர்களா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ரத்து விதியையும் கேளுங்கள். 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் முழுத் தொகை என்பது பரவலான வழக்கம்.

செயலி வழியாகப் போகிறீர்கள் என்றால் தனியுரிமை விதிகளைப் படித்துவிட்டுச் சேருங்கள். பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக, இணையவழிச் சிகிச்சை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலரில் அது தீர்க்கப்பட்டது. பின்லாந்தின் வஸ்தாமோ உளச்சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட குறிப்புகளை வைத்து, 2020இல் நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டார்கள். பதிவு செய்யும்போது, சட்டப்படி தேவையில்லாத இடங்களில் குறைந்தபட்சத் தகவலே கொடுங்கள். பிரச்சினையின் விவரங்களைப் படிவத்தில் எழுதாமல் அமர்வில் சொல்வதாகக் குறிப்பிடலாம்.

படி 3: வீட்டில் ஒரு தனி இடம்

கூட்டுக் குடும்பத்தில், இரண்டு அறை வீட்டில், ஹாஸ்டலில் இதுதான் பெரிய தடை. யாரோ கேட்கிறார்கள் என்ற பயம் இருக்கும்வரை உடம்பு தளராது, உடம்பு தளராமல் இந்தச் சிகிச்சை நகராது.

உள்ளே தாழ் போட முடிகிற அறை, கதவிலிருந்து தள்ளி உட்காரும் இடம், ஃபேன் முழு வேகத்தில், கதவுக்கு வெளியே டிவியோ பாட்டோ ஓடினால் இன்னும் நல்லது. கம்பி வைத்த இயர்போன் நம்பகமானது. ப்ளூடூத் என்றால், பக்கத்து அறை ஸ்பீக்கரோடு போன் தானாக இணைந்துவிடாமல் முன்பே துண்டித்துவையுங்கள். வீட்டில் முடியாதவர்கள் நிறுத்திய காரிலும், மொட்டை மாடியிலும், தோழியின் அறையிலும் இருந்து பேசுகிறார்கள். ஓடும் வண்டியில், பூங்காவில் வேண்டாம். யாராவது உள்ளே வந்துவிட்டால் பேச்சை மாற்ற, தெரபிஸ்ட்டோடு முன்கூட்டியே ஒரு சாதாரண வாக்கியத்தை ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். "அந்த ரிப்போர்ட்டை நாளைக்கு அனுப்பறேன்" போல ஏதாவது. அதைக் கேட்டதும் அவரும் அலுவலகப் பேச்சுக்கு மாறிவிடுவார்.

போனைப் பலர் எடுக்கும் வீடு என்றால், செயலிக்குப் பூட்டு, லாக் திரையில் நோட்டிஃபிகேஷன் மறைப்பு, மின்னஞ்சலுக்குத் தனிக் கணக்கு ஆகிய மூன்றும் தேவை. வங்கிக் குறுஞ்செய்தியிலும் யுபிஐ வரலாற்றிலும் பெறுபவரின் பெயர் தெரியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திரை முடிந்தவரை பெரிதாக இருக்கட்டும். லேப்டாப்பைக் கண்மட்டத்தில் வைத்து, முகத்தோடு தோளும் கைகளும் தெரியும்படி உட்காருங்கள். மூச்சு மேலோட்டமாவதையும் விரல் இறுகுவதையும் அவர் பார்க்க முடிந்தால்தான் சரியான நேரத்தில் நிறுத்துவார். வெளிச்சம் முன்னாலிருந்து விழட்டும். ஒரு மணி நேர வீடியோவுக்கு ஏறத்தாழ 1 ஜிபி டேட்டா செலவாகலாம் என்பதால் அன்றைய பேக்கைக் கவனியுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் குளிர்ந்த தண்ணீர், ஒரு போர்வை, மணமுள்ள ஏதாவது ஒன்று வேண்டும். எலுமிச்சை, காபித்தூள், விபூதி எதுவானாலும் சரி, அது பழைய நினைவோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும்.

படி 4: ஆபத்துக்கால ஏற்பாடு

முதல் அல்லது இரண்டாம் அமர்வில் இதை எழுத்தில் முடித்துவிட வேண்டும். தெரபிஸ்ட் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நேரில் இருந்தால் அவர் எழுந்து வந்து உதவ முடியும். திரைக்கு அந்தப்பக்கம் வேறு ஊரில் இருப்பவருக்கு நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதே தெரியாது.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை: நீங்கள் இருக்கும் முழு முகவரி (ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் இன்று எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்), 20 நிமிடத்தில் உங்களை வந்தடையக்கூடிய ஒருவரின் பெயரும் எண்ணும், அருகில் உள்ள அவசர சிகிச்சை மருத்துவமனை, இணைப்பு அறுந்தால் யார் யாரை எத்தனை நிமிடத்தில் அழைப்பது. வழக்கமான ஏற்பாடு இதுதான்: இரண்டு நிமிடம் மறுபடி சேர முயல்வது, முடியாவிட்டால் தெரபிஸ்ட் சாதாரண போன் அழைப்பில் வருவது, அதையும் நீங்கள் எடுக்காவிட்டால் அவர் உங்கள் தொடர்பு நபரை அழைப்பது. அந்த நபருக்கு உங்கள் கதை தெரிய வேண்டியதில்லை. "இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தா என்னை வந்து பாரு" என்பது போதும்.

ரகசியக் காப்புக்கும் எல்லைகள் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சைத் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் விதிவிலக்கு. 18 வயதுக்கு உட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நடப்பது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பேசுவது உங்கள் உரிமை.

படி 5: முதல் மூன்று அமர்வுகள்

இவை அளந்து பார்க்கும் அமர்வுகள். நடந்ததைத் தலைப்புச் செய்தி அளவில் மட்டும் சொல்லுங்கள்: "பதினோரு வயசுல, சொந்தக்காரர் ஒருத்தரால, ரெண்டு வருஷம்." இவ்வளவே போதும். தெரபிஸ்ட்டுக்கு இந்தக் கட்டத்தில் தேவைப்படுவது இப்போதைய நிலைமை: தூக்கம் எப்படி, எதைத் தவிர்க்கிறீர்கள், எப்போது உடம்பு பதறுகிறது, யார் துணை இருக்கிறார்கள்.

கேள்வித்தாள்கள் வரும். பதற்றத்துக்கு ஜிஏடி-7: ஏழு கேள்வி, மொத்தம் 21 புள்ளி. 5 முதல் லேசான பதற்றம், 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை. மனக்காயத்துக்கு பிசிஎல்-5: இருபது கேள்வி, 80 புள்ளி. 31–33 அல்லது அதற்கு மேல் வந்தால் பிடிஎஸ்டி (மனக்காயத்துக்குப் பின் வரும் அழுத்தக் கோளாறு) இருக்க வாய்ப்பு உண்டு, முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று பொருள். நோயைத் தீர்மானிப்பது அந்த எண் மட்டுமே அல்ல. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதும், அன்றாட வாழ்க்கை முடங்குவதும் கணக்கில் வரும். முதல் நாள் எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலக்கைக் கையால் தொட்டுப் பார்க்க முடிகிற மாதிரி வையுங்கள். "நிம்மதியா இருக்கணும்" என்பதை அளக்க முடியாது. "வாரத்துக்கு மூணு நாள் பஸ்ல ஆபீஸ் போகணும்", "விளக்கை அணைச்சிட்டுத் தூங்கணும்" ஆகியவற்றை அளக்கலாம்.

படி 6: நினைவுக்குப் போகும் முன் உடம்பைப் பழக்குதல்

சிலருக்கு இரண்டு அமர்வு, நீண்டகாலக் கொடுமைக்கு ஆளானவர்களுக்குப் பல வாரங்கள் ஆகலாம். மூச்சு: 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுவது, ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். ஆழமாக, வேகமாக இழுத்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பதற்றம் கூடும். மூச்சுப் பயிற்சி தனக்கு ஒத்துவரவில்லை என்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

பழைய நினைவு இழுத்துக்கொண்டு போகும்போது: கண்ணில் படும் ஐந்து பொருள், தொடும் நான்கு, கேட்கும் மூன்று ஒலி, இரண்டு வாசனை, ஒரு சுவை. வாய்விட்டுச் சொல்லுங்கள். இன்றைய தேதியையும் இப்போதைய வயதையும் சேர்த்துச் சொல்வது நல்ல பலன் தரும். கண்ணை மூடச் சொல்லும் தியானங்கள் மனக்காயம் உள்ள சிலருக்கு எதிர்விளைவு தரும். கண்ணைத் திறந்தபடி, கால் தரையில் பதிந்திருக்கச் செய்யலாம். பயம் வந்தபின் முதன்முறையாகச் செய்து பார்ப்பவர்களுக்கு எதுவும் எளிதில் வேலை செய்யாது. அமைதியான நேரத்தில் இரண்டு வாரம் பழகிய பயிற்சிதான் நெருக்கடியில் கைகொடுக்கும்.

படி 7: முதன்மைச் சிகிச்சை

பதற்றத்துக்கு வலுவான சான்றுள்ள முறை சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிப் பழகும் சிகிச்சை. வாரம் ஒரு அமர்வு, பொதுவாக 12 முதல் 20 வரை. பயப்படும் சூழல்களை 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு ஏணியாக அடுக்கி, 3 அல்லது 4இலிருந்து ஏறுவார்கள். இங்கே இணையவழிக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: தெரபிஸ்ட்டை இயர்போனில் வைத்துக்கொண்டே பேருந்து நிலையத்துக்கும் லிஃப்ட்டுக்கும் போகலாம். பேனிக் அட்டாக்குக்கு, அந்த உணர்வுகளையே வேண்டுமென்று வரவழைத்துப் பழகும் பயிற்சி உண்டு: சுழல் நாற்காலியில் ஒரு நிமிடம் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ராவில் ஒரு நிமிடம் மூச்சு விடுவது. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. ஏணி வேலை செய்யாமல் போவதற்கு முக்கியக் காரணம் ரகசியத் துணைகள்: பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், கதவருகே உட்காருவது. "மாத்திரை இருந்ததால்தான் பிழைத்தேன்" என்றே மூளை கற்றுக்கொள்கிறது. ஒவ்வொன்றாக விட வேண்டும்.

மனக்காயத்துக்கு மூன்று முறைகளை அதிகம் கேள்விப்படுவீர்கள். சிபிடி குடும்பத்தைச் சேர்ந்த, எண்ணங்களை எழுதி ஆராயும் முறை வழக்கமாக 12 அமர்வு. "என் தப்புதான்", "யாரையும் நம்பக்கூடாது" போன்ற நம்பிக்கைகளை எடுத்துப் பரிசோதிப்பது அதன் மையம். நடந்ததை விரிவாகச் சொல்லாமலே அதைச் செய்ய முடியும், தாள்களைத் திரையில் பகிரலாம் என்பதால் இணையத்துக்கு மிகப் பொருத்தம். இரண்டாவது, நீடித்த எதிர்கொள்ளல்: 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம் வரை. நினைவை நிகழ்காலத்தில் நடப்பதுபோல மறுபடி மறுபடி சொல்லி, அதன் பதிவைத் தினமும் கேட்க வேண்டும். அந்த ஆடியோ கோப்பு குடும்பத்தோடு பகிரும் கூகுள் கணக்கில் தானாக ஏறிவிடலாம், ஆகவே தானியங்கிச் சேமிப்பை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். மூன்றாவது இஎம்டிஆர். 1987இல் ஃபிரான்சின் ஷாப்பிரோ தொடங்கிய இதில் எட்டுக் கட்டங்கள் உண்டு. நினைவை மனதில் வைத்தபடி கண்ணை இருபுறமும் நகர்த்த, திரையில் ஒரு பந்து ஓடும். இணைப்பு தயங்கித் தயங்கி ஓடினால் அது கெட்டுவிடும். அப்போது கைகளை மார்பின் குறுக்கே வைத்து மாறிமாறித் தட்டும் பட்டாம்பூச்சி அணைப்பே எளிது.

எந்த முறையானாலும் கடைசி 10 முதல் 15 நிமிடம் மூடுவதற்கு. நினைவின் நடுவில் அழைப்பை முடிக்கக்கூடாது. நேரம் நெருங்குவதைத் தெரபிஸ்ட் கவனிக்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். முடிந்தபின் அரை மணி நேரம் இருசக்கர வாகனம், அடுப்பு, அலுவலக மீட்டிங் எதுவும் வேண்டாம். முகம் கழுவுங்கள், ஏதாவது சாப்பிடுங்கள், கொஞ்சம் நடங்கள்.

படி 8: பிசகும் இடங்கள்

நினைவு வேலை தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரம் கனவும் எரிச்சலும் கூடுவது வழக்கம். அதற்குமேலும் எண்கள் ஏறிக்கொண்டே போனால் வேகம் அதிகம் என்று அர்த்தம், படி 6இன் பயிற்சிகளுக்குத் திரும்ப வேண்டும். உறைந்துபோவது இன்னொன்று: முகம் வெறிக்கும், பதில் தாமதமாகும், குரல் தூரத்தில் கேட்பதுபோல இருக்கும். திரையில் அது நெட்வொர்க் தடங்கல் போலவே தெரிவதால் தெரபிஸ்ட் தவறவிடக்கூடும். பேச முடியாத நேரத்துக்கு ஒரு கைச்சைகையை முன்பே பேசி வையுங்கள்.

வாரா வாரம் நடந்த சம்பவங்களைப் பேசியே நேரம் போவதும் நிறைய நடக்கிறது. இதமாக இருக்கும், ஆனால் தவிர்ப்பதுதான் தொடரும். ஆறாவது அமர்வில் கேள்வித்தாளை மறுபடி நிரப்புங்கள். பிசிஎல்-5இல் புள்ளி கணிசமாகக் குறைந்திருந்தால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். மாறவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். அவர் சொன்ன ஒரு வார்த்தை புண்படுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் தற்காத்துக்கொள்ளாமல் கேட்பார். "பெரியவங்ககிட்ட எப்படிச் சொல்றது" என்று மரியாதைக்காக மௌனமாகி, பிறகு காணாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல். வாய்விட்டுச் சொல்ல முடியாவிட்டால் சாட்டில் இரண்டு வரி எழுதி அனுப்பலாம்.

மாத்திரை பற்றி: 2020இன் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி பல மருந்துகளை வீடியோ ஆலோசனையில் எழுதலாம், ஆனால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வருபவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. பதற்றத்துக்குத் தினமும் சாப்பிடும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், திடீரென நிறுத்தக்கூடாது. பதற்றம் வந்தால் உடனே போட்டுக்கொள்ளும் அல்பிரசோலம் வகை, ஏணிப் பயிற்சியின் பலனைக் குறைக்கும், பழக்கமாகவும் ஆகும். எதைச் சாப்பிட்டாலும் தெரபிஸ்ட்டிடம் மறைக்காதீர்கள்.

படி 9: முடிப்பது

இலக்குகள் எட்டப்பட்டு, எண்கள் தொடர்ந்து சில வாரம் தாழ்ந்தே இருந்தால், வாரம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளியை நீட்டுங்கள். கடைசி இரண்டு அமர்வில் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து ஒரு பக்கத் திட்டம் எழுதுங்கள்: உங்களுக்கு எதெல்லாம் திரும்பத் தூண்டக்கூடும் (அந்தச் சம்பவத்தின் தேதி, ஒரு திருமணத்தில் அந்த நபரைச் சந்திப்பது, குழந்தை அந்த வயதை எட்டுவது), முதல் அறிகுறி எது, அப்போது செய்ய வேண்டிய மூன்று காரியங்கள், எந்த அளவு போனால் மறுபடி அழைப்பது. மூன்று மாதம் கழித்து ஒரு மறுபார்வை அமர்வுக்கு இப்போதே தேதி வாங்குங்கள். உங்கள் சிகிச்சை ஆவணங்களின் நகலைக் கேட்டுப் பெற 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. செயலிக் கணக்கை மூடும் முன் அதை வாங்கிவிட்டு, சாட் வரலாறும் பதிவுகளும் நீக்கப்பட்டதற்கு எழுத்தில் உறுதி கேளுங்கள்.